செட் ஆவானா?

2023 பிப்ரவரியில் ஓர் இரவு, தாராவியில் எங்கள் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தபோது தம்பி என்னிடம் கேட்டான்: “அக்கா, அவன் நம்ம டீமுக்கு செட் ஆவானா?”

அவனுக்கு அப்போது இருபது வயது. தெருத் தோழர்களோடு சேர்ந்து அவன் ஆடிவந்த எழுவர் கால்பந்து அணி, செம்பூரில் மணிக்கணக்கில் வாடகைக்கு விடப்படும் ஒரு டர்ஃபில் நடக்கவிருந்த போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தது. இத்தகைய போட்டிகளில் வெளியாள் ஒருவரைக் காசு கொடுத்து இறக்குவது எல்லா அணிகளும் செய்வதுதான். இவர்கள் கண்ணில் பட்டவர் பாந்திராப் பக்கத்துக்காரர். மும்பை மாவட்ட லீக்கில் ஆடிப் பழகியவர். இரண்டு வார இறுதிகளுக்கு 8,000 ரூபாய் கேட்டார். பத்துப் பையன்கள் தலைக்கு 600 ரூபாய் போட முன்வந்தார்கள். எஞ்சிய 2,000 ரூபாய்க்காகத்தான் தம்பி மாடிப்படிக்கு வந்திருந்தான் என்பது சற்றுத் தாமதமாகவே எனக்குப் புரிந்தது. எனினும் கேள்வியை அவன் உண்மையாகவே கேட்டான். வீட்டில் கால்பந்து பற்றி அதிகம் பேசுபவள் நான்.

‘செட் ஆவது’ என்னும் வினையைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மொழியியல் படித்தவளுக்கு இந்தச் சலுகையை நண்பர்கள் தர வேண்டும். சட்டை செட் ஆகும், வேலை செட் ஆகும், ஊர்த் தண்ணீர் செட் ஆகாது. எப்படிச் சொன்னாலும் வந்து சேர்வதன்மீதே சுமை விழுகிறது. எதனோடு சேர்கிறதோ அது அசையாமல் நிற்கிறது. நம்முடைய பழைய சொல்லாகிய ‘பொருத்தம்’ அப்படிப்பட்டதன்று. பத்துப் பொருத்தம் பார்ப்பவர் இரண்டு சாதகங்களையும் விரித்து வைத்துக்கொண்டுதான் உட்காருகிறார். மாப்பிள்ளையின் சாதகத்தை மட்டும் நீட்டிப் பொருத்தம் கேட்டால் அவர் சிரிப்பார். அன்று தம்பியிடம் நான் இதைச் சொல்லவில்லை; இது எனக்குத் தோன்றவே இல்லை. மடிக்கணினியைத் திறந்து அந்த வெளியாளின் ஆட்டக் காணொளிகள் சிலவற்றைப் பார்த்தேன். பந்தைக் காலோடு ஒட்டி வைத்துக்கொண்டு இருவரைக் கடந்து போகிறார்; இடக்காலாலும் பாஸ் கொடுக்கிறார். “தாராளமா செட் ஆவாரு” என்று சொல்லிப் பணத்தையும் கொடுத்தேன். சான்றாக மும்பை சிட்டி அணியையும் பூமூஸையும் எடுத்துக்காட்டினேன். அந்தச் சான்றைத் தவறாகப் படித்திருந்தேன் என்பதைத்தான் இப்போது எழுத நினைக்கிறேன்.

மும்பை சிட்டி எஃப்.சி. விலையுயர்ந்த வீரர்களுக்குப் பெயர்போன கழகம். 2015 ஜூலையில் ஐ.எஸ்.எல். நடத்திய உள்நாட்டு வீரர் ஏலத்தில் சுனில் சேத்ரியை 1.2 கோடி ரூபாய்க்கு எடுத்தது; அந்த ஏலத்தின் உச்ச விலை அதுவே. சேத்ரி குறை வைக்கவில்லை. 7 கோல் அடித்தார். நார்த்ஈஸ்ட் யுனைடெட் அணிக்கு எதிராக அவர் அடித்த மூன்று கோல்கள்தாம் ஐ.எஸ்.எல். வரலாற்றில் இந்தியர் ஒருவரின் முதல் ஹாட்ரிக். அந்த ஆட்டத்தை நானும் தம்பியும் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்தோம். மும்பை 5-1 என்று வென்றது. மூன்று வாரங்கூட ஆகவில்லை, கோவாவிடம் அதே அணி 0-7 என்று தோற்றது. நிக்கோலா அனெல்கா ஆடிக்கொண்டே பயிற்சியாளராகவும் இருந்த அந்தப் பருவத்தில் மும்பை எட்டு அணிகளில் ஆறாவதாக முடிந்தது.

சேத்ரி செட் ஆனாரா? அவருடைய எண்களைப் பார்த்தால் ஆனார். அட்டவணையைப் பார்த்தால் அந்த அணியில் செட் ஆவதற்கு ஏதேனும் இருந்ததா என்றே ஐயம் எழுகிறது. ‘இவர் இந்தப் பாணிக்கு ஒத்துவருவாரா’ என்று கேட்பவர்கள் பாணி ஒன்று ஏற்கெனவே இருப்பதாக எடுத்துக்கொண்டு பேசுகிறார்கள். பல அணிகளில் அப்படி ஒன்று இருப்பதில்லை. விலையுயர்ந்தவரை வாங்குவதே பாணிக்கு மாற்றாகிவிடுகிறது.

அடுத்த ஆண்டு டியேகோ ஃபோர்லான் வந்தார். 2010 உலகக் கோப்பையின் சிறந்த வீரர், அப்போது வயது 37. தம்பியை அழைத்துக்கொண்டு அந்தேரிக்குப் போனேன். மாகிம் வரை நடை, பிறகு ரயில், பிறகு மெட்ரோவில் ஆசாத் நகர். ஃபோர்லான் ஓடியதைவிட நின்றதே அதிகம். அவர் நிற்பதற்குத் தோதாக மற்றவர்களை ஓடவைத்திருந்தார் பயிற்சியாளர் அலெக்சாந்தர் கிமராயிஸ். 14 லீக் ஆட்டங்களில் எதிரணிகளுக்கு 8 கோல் மட்டுமே விட்டுக்கொடுத்த அணி அது. 23 புள்ளிகளோடு அட்டவணையில் முதலிடம். அரையிறுதியில் கொல்கத்தாவிடம் தோற்றது, முதல் ஆட்டத்தில் ஃபோர்லான் சிவப்பு அட்டை பெற்று வெளியேறியது என்பதெல்லாம் பின்கதை. பதின்மூன்று வயதுத் தம்பி வீடு திரும்பும் வழியில் கேட்டது நினைவிருக்கிறது: “அக்கா, அவரு சும்மா நிக்கிறாரு, ஆனா பந்து மட்டும் எப்படி அவருகிட்டயே வருது?” கேட்டதோடு நில்லாமல் அதற்கான விடையைத் தன் ஆட்டத்தில் தேடிக்கொண்டே வளர்ந்தான். தெருவில் அவன் ஆடும் இடம் நடுக்களம். வேகம் குறைவு, எங்கே நிற்க வேண்டும் என்பதில் மட்டும் கூர்மை.

இனி பூமூஸ். பிரான்சில் பிறந்தவர், மொராக்கோவில் ஆடிவிட்டுக் கோவாவுக்கு வந்தவர். 2019-20 பருவத்தில் எஃப்.சி. கோவாவுக்காக 11 கோல் அடித்தார், 10 கோலுக்கு வழிவகுத்தார், லீக்கின் சிறந்த வீரர் விருதையும் பெற்றார். அடுத்த பருவத்துக்கு அவரை மும்பை எடுத்தது. ஒப்பந்த விடுப்புத் தொகை 1.6 கோடி ரூபாய் என்று அப்போதைய செய்திகள் கூறின. இந்தியக் கால்பந்தில் அன்று அது கண்களை விரியவைத்த தொகை. சிட்டி ஃபுட்பால் குரூப் 2019 நவம்பரில் மும்பைக் கழகத்தின் 65 விழுக்காட்டுப் பங்கை வாங்கியிருந்ததால் பணத்துக்குக் குறையில்லை.

2020-21 பருவம் முழுவதும் பெருந்தொற்றின் காரணமாகக் கோவாவிலேயே, பார்வையாளர் இல்லாத அரங்குகளில் நடந்தது. மும்பை 20 லீக் ஆட்டங்களில் 35 கோல் அடித்தது. கடைசி லீக் ஆட்டத்தில் ஏ.டி.கே. மோகன் பகானை 2-0 என்று வென்று, 40 புள்ளிகளில் சமமாக இருந்த அவ்வணியைப் பின்தள்ளி ஷீல்டை எடுத்தது. 2021 மார்ச் 13 அன்று இறுதியாட்டத்திலும் அதே அணியை 2-1 என்று வென்றது. பூமூஸ் 3 கோல் அடித்து, 7 கோலுக்கு வழிவகுத்திருந்தார். மாடிப்படியில் தம்பிக்கு நான் சொன்ன கதை இவ்வளவுதான்: பெரிய தொகை, திறமையான ஆள், கோப்பை.

நான் விட்டுவிட்ட பகுதி இது. பூமூஸ் மும்பைக்குத் தனியே வரவில்லை. கோவாவில் அவரை வளர்த்த பயிற்சியாளர் செர்ஜியோ லொபேரா, அணி முதலிடத்துக்குப் போட்டியிட்டுக்கொண்டிருந்தபோதே 2020 ஜனவரி இறுதியில் அங்கிருந்து நீக்கப்பட்டவர், அதே ஆண்டு மும்பையின் பயிற்சியாளரானார். பின்களத்தில் மூர்தாதா ஃபால், நடுக்களத்தில் அஹ்மத் ஜாஹு, இடப்புறத்தில் மந்தார் ராவ் தேசாய், இவர்கள் எல்லோரும் கோவாவிலிருந்தே வந்தார்கள். ஜாஹு பின்னால் இறங்கி வந்து பந்தை வாங்குவார், தலையைத் தூக்காமலே மறுபக்க ஓரத்துக்கு நீண்ட பாஸை அனுப்புவார், எதிரணி அந்தப் பக்கம் சாயும்போது நடுவில் திறக்கும் இடைவெளியில் பூமூஸ் நிற்பார். மூன்று பருவங்களாக இவர்கள் பேசிப் பழகிய வாக்கியம் இது. மும்பை ஒரு சொல்லைக் கடன் வாங்கியதாக வெளியில் தெரிந்தது, வாங்கியதோ வாக்கியத்தை.

லூசியன் தெனியேர் என்ற பிரெஞ்சு மொழியியலாளர் வேதியியலிலிருந்து ‘இணைதிறன்’ என்னும் கருத்தை இலக்கணத்துக்குக் கொண்டுவந்தார். ஓர் அணு எத்தனை அணுக்களோடு பிணையும் என்பதுபோல, ஒரு வினை எத்தனை பேரைத் தன்னைச் சுற்றி வேண்டி நிற்கிறது என்று பார்ப்பது. ‘தூங்கு’ என்பதற்கு ஒருவர் போதும். ‘உடை’ என்பதற்கு இருவர் வேண்டும். ‘கொடு’ என்பதற்கு மூன்று: கொடுப்பவர், கொடுக்கப்படும் பொருள், பெறுபவர். பூமூஸ் ‘கொடு’ வகையைச் சேர்ந்த வீரர். நான்காம் வேற்றுமை இல்லாத மொழியில் அவரை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அவருக்கு எவ்வளவு பணம் தருகிறோம் என்பதற்கு முன், அவர் கொடுப்பதை யார் வாங்கப் போகிறார்கள் என்று கேட்க வேண்டும்.

மும்பையில் வாங்கிக்கொள்ள ஆள் இருந்தது. மணிப்பூரைச் சேர்ந்த பிபின் சிங் 2018 முதல் அங்கே ஆடிவந்தார். அவர் பெயரைச் சொல்லி யாரும் சண்டையிட்டதில்லை. லொபேராவின் அணியில் இடப்புற ஓரம் அவருக்கு வாய்த்தது. ஒடிசாவை 6-1 என்று வென்ற ஆட்டத்தில் ஹாட்ரிக் அடித்தார்; இறுதியாட்டத்தின் 90ஆவது நிமிட வெற்றி கோலும் அவருடையதே. விலையுயர்ந்தவர் வந்ததால் ஏற்கெனவே இருந்தவர் சுருங்காமல் விரிந்த அரிய நேர்வு அது. தம்பியின் அணியைப் பற்றி யோசித்தபோது நான் பூமூஸை மட்டுமே எண்ணினேன். அங்கே பிபின் யார் என்று கேட்டுக்கொள்ளவில்லை.

2021இல் மோகன் பகான் பூமூஸை வாங்கியது. தொகை முன்னதைவிடப் பெரிது. மும்பையிடம் மூன்று முறை தோற்ற வலி அவர்களுக்கு இருந்தது. தோற்கடித்த அணியின் மூளையை எடுத்துவந்துவிட்டால் தீர்ந்தது என்று எண்ணியிருக்கலாம். ஆனால் அங்கே பயிற்சியாளர் அந்தோனியோ ஹபாஸ். முந்தைய பருவத்தில் 20 ஆட்டங்களில் 15 கோல் மட்டுமே விட்டுக்கொடுத்த அணியைக் கட்டியவர். பந்தை எதிரணியிடம் விட்டுப் பின்னால் நெருங்கி நின்று, கிடைத்த கணத்தில் ராய் கிருஷ்ணாவை நோக்கிப் பாய்வது அவர் இலக்கணம். அதில் பிழையொன்றும் இல்லை, இரண்டு ஐ.எஸ்.எல். கோப்பைகளை வென்ற இலக்கணம் அது. ஆனால் அதில் பந்து நடுக்களத்தில் தங்குவதில்லை. ஆறு பாஸுக்குப் பிறகு உயிர்பெறும் ஒருவரை, இரண்டு பாஸில் முடியும் வாக்கியத்தில் கொண்டுபோய் வைத்தார்கள்.

முதல் ஆட்டத்தில் பூமூஸ் இரண்டு கோல் அடித்தார். கேரளாவை 4-2 என்று வென்றார்கள். ‘யார் சொன்னது செட் ஆகமாட்டார் என்று’ எனப் பலரும் எழுதினார்கள். அதே பருவம் டிசம்பர் 1ஆம் நாள், பூமூஸும் லொபேராவும் இல்லாத மும்பையிடம் 1-5 என்று தோற்றார்கள். அம்மாதமே ஹபாஸ் விலகினார். அவரிடத்துக்கு ஹுவான் ஃபெராண்டோவைக் கொண்டுவந்தார்கள். எங்கிருந்து? கோவாவிலிருந்து. சொல்லை முதலில் வாங்கிவிட்டு, அது நிற்க இலக்கணம் இல்லை என்று கண்டு, அது புறப்பட்ட ஊரின் இலக்கணத்தையே பின்னால் போய் வாங்கினார்கள். 2023 மார்ச்சில் கோப்பையை வென்றும் காட்டினார்கள். ஆகவே பூமூஸ் பகானுக்கு ஒத்துவரவில்லை என்று சொன்னால் தவறு. பகான் பூமூஸுக்கு ஒத்துவந்தது. அதற்கு ஆன முழுச் செலவு இடமாற்றத் தொகையில் எழுதப்படவில்லை.

தொல்காப்பியம் எச்சவியலில் வடசொல்லைத் தடுக்கவில்லை. வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தோடு பொருந்தி வரச் சொல்கிறது. அப்படித்தான் ராமன் இராமன் ஆனான், ரங்கன் அரங்கன் ஆனான். வரும் சொல் தன்னை மாற்றிக்கொள்வது ஒரு வழி. பிற்காலத்தில் ஜ, ஷ, ஸ, ஹ என்று மொழியே புதிய எழுத்துகளைச் சேர்த்துக்கொண்டது இன்னொரு வழி. இக்கட்டுரையில் நான் எழுதிக்கொண்டிருக்கும் ‘பாஸ்’ என்ற சொல்லின் கடைசி எழுத்தைப் பாருங்கள். ஹபாஸ் முதல் வழியைக் கேட்டார். நிர்வாகம் இரண்டாம் வழியைத் தேர்ந்தது. எந்த வழியிலும் யாரோ எதையோ விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. சென்னையில் நாம் பார்த்த சாங்தேயை நினைத்துக்கொள்ளுங்கள். 2022 ஜனவரியில் சென்னையின் எஃப்.சி.யிலிருந்து மும்பைக்குப் போனார். அதே கால்கள், அதே வேகம். 2022-23இல் 10 கோல் அடித்து லீக்கின் சிறந்த வீரரானார். அவ்வாண்டு டெஸ் பக்கிங்ஹாமின் அணி அவர் ஓடத் தொடங்கும் முன்பே பந்தை அனுப்பத் தெரிந்திருந்தது.

இவ்வளவும் எனக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்தும் தம்பிக்கு நான் கொடுத்தது ஒற்றை வரி விடை.

வெளியாள் முதல் பயிற்சிக்கு வந்த நாளில் நானும் செம்பூருக்குப் போனேன். ஒலிப்பதிவுக் கருவி கையில் இருந்தது. தாராவி இளைஞர்களின் பேச்சில் தமிழும் இந்தியும் மராத்தியும் எந்தெந்த இடங்களில் மாறிக்கொள்கின்றன என்பது என் ஆய்வின் ஒரு பகுதி. (அந்த அத்தியாயத்தைப் படித்த பெரியவர் ஒருவர், “நன்றாக இருக்கிறது, ஆனால் இந்த ஆய்வேட்டில் இதற்கு இடமில்லை” என்றார். பொருத்தம் பற்றி நான் இவ்வளவு யோசிப்பதற்கு அதுவும் காரணமாயிருக்கலாம்.) அதற்கு முந்தைய வாரமும் வெளியாள் இல்லாத பயிற்சி ஒன்றைப் பதிவு செய்திருந்தேன்.

அவரைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. களத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு இறங்கினார். சிறுவர்களிடம் மரியாதையாகப் பேசினார். பந்து அவர் காலுக்கு வந்துவிட்டால் எங்கள் பையன்கள் ஆட்டத்தை மறந்து அவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முதல் ஆட்டத்தை 4-1 என்று வென்றோம். மூன்று கோல் அவருடையது. நான் தம்பியைப் பார்த்து, ‘சொன்னேனே’ என்பதுபோல் தலையசைத்தேன்.

சிக்கல் ஒன்று இருந்தது. தம்பி நிற்கும் இடத்திலேயே அவருக்கும் பந்து வேண்டியிருந்தது. இருவரும் நடுவில் நின்றால் பந்து அங்கேயே சுற்றியது. இரண்டாம் ஆட்டத்துக்கு முன் அணித் தலைவன் என்னிடம் வந்து, “அக்கா, என்ன செய்யலாம்?” என்று கேட்டான். தம்பி பக்கத்தில் காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தான். “நடுவுல ரெண்டு பேர் வேணாம்” என்றேன். யாரை உட்காரவைப்பது என்று அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எட்டாயிரம் ரூபாய் கொடுத்து அழைத்து வந்தவரை யாரும் உட்காரவைக்கமாட்டார்கள். அடுத்த ஆட்டம் முழுவதும் தம்பி வெளியே உட்கார்ந்து தண்ணீர்ப் புட்டிகளைப் பார்த்துக்கொண்டான். ஒரு கோல் வித்தியாசத்தில் எப்படியோ வென்றார்கள். அரையிறுதியில் 0-3 என்று தோற்றார்கள். வெளியாள் கடைசிவரை தளராமல் ஓடினார். அவருக்குப் பந்து போய்ச் சேரவில்லை, அவர் கொடுத்ததும் யாரிடமும் போய்ச் சேரவில்லை.

வீட்டில் அம்மா ஒரே வரியில் முடித்தாள்: “காசையும் குடுத்து, பிள்ளையையும் உக்கார வச்சிட்டு வந்திருக்கா பாரு.” தம்பி சாப்பிட்டான், தூங்கினான், மறுநாள் வேலைக்குப் போனான். சண்டை போட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். மூன்று வாரம் அவன் பயிற்சிக்குப் போகவில்லை.

ஒலிப்பதிவுகளை எழுத்தில் பெயர்க்க உட்கார்ந்தது ஏப்ரலில். முதல் பதிவில், வெளியாள் வருவதற்கு முந்தைய வாரம், டர்ஃப் முழுவதும் ஒரே கூச்சல். அதில் பாதிக்குமேல் தம்பியின் குரல். ‘சுத்து’ என்றால் உன் பின்னால் எவனுமில்லை, திரும்பு. ‘ஒட்டு’ என்றால் முதுகில் ஆள் இருக்கிறான். ‘சுவரு’ என்றால் கொடுத்துவிட்டு ஓடு, திருப்பித் தருவேன். ‘வுடு’ என்பதுதான் அழகு: வரும் பந்தைத் தொடாதே, காலை விரி, பின்னால் நான் இருக்கிறேன். இவை எந்தப் பயிற்சியாளரும் சொல்லித் தந்தவை அல்ல. குறுகிய சந்துகளில், திரும்பிப் பார்க்க நேரமில்லாமல் ஆடிய பத்தாண்டுகளில் தாமாக விளைந்தவை. அந்த அணிக்கு ஒரு பாணி உண்டென்றால் அது இந்த நான்கைந்து ஏவல்வினைகளில்தான் இருந்தது.

இரண்டாம் பதிவில் இந்த வினைகள் ஏறக்குறைய இல்லை. வெளியாளுக்குத் தமிழ் தெரியாது. பையன்கள் அத்தனை பேருக்கும் இந்தி சரளம். விருந்தாளி இருக்கும்போது அவருக்குப் புரியும் மொழியில் பேசுவது மரியாதை. யாரும் சொல்லாமலே எல்லோரும் இந்திக்கு மாறியிருந்தார்கள். ஹோவர்ட் கைல்ஸ் 1970களில் தொடங்கிவைத்த ஒத்திசைவுக் கோட்பாட்டை முதலாண்டு மாணவர்களுக்கு விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. இந்தியில் அவர்களால் எதையும் பேச முடியும். சிரிக்க, திட்ட, விலை பேச. ஆனால் ‘வுடு’ என்பதற்கு அவர்களுக்குள் ஓர் இந்திச் சொல் விளைந்திருக்கவில்லை. அது விளையப் பத்தாண்டு வேண்டும். கையில் இருந்தது பத்து நாள். பதிவில் கேட்பதெல்லாம் ‘இதர்’, ‘தே தே’ மட்டுமே. இங்கே, கொடு கொடு. எல்லோரும் பந்தைக் கேட்கிறார்கள். பந்து எங்கே போக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அதைச் சொல்லிக்கொண்டிருந்தவன் வாயடைத்துப் போயிருந்தான், பின்னர் உட்காரவைக்கப்பட்டான்.

பேச்சுமொழி மாற்றத்தை ஆய்வுப் பொருளாகக் கொண்டவள், கையில் கருவியோடு, களத்தின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். கண்ணுக்குப் பட்டது அந்த மனிதரின் இடக்கால் மட்டுமே.

எனக்கு இது புதிதாயிருக்கக் கூடாது. பதினெட்டு வயதில் மாட்டுங்காவில் கல்லூரிக்குப் போனபோது அங்கே தோழிகளோடு மெஸ்ஸில் சாப்பிடும் வேளையில் ‘சாதம்’ என்று சொல்லப் பழகினேன். தாராவியில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரந்தான் மாட்டுங்கா. ஆனால் வீட்டில் அது சோறு. யாரும் என்னைத் திருத்தவில்லை, நானாகவே மாறினேன். சோறு தமிழிலிருந்து மறைந்துவிடவில்லை. ‘பழைய சோறு’ என்றும் ‘சோத்துக்கு என்ன வழி’ என்றும் ஓரமாக உட்கார்ந்திருக்கிறது. வந்த சொல் தட்டின் நடுவிடத்தைப் பிடித்துக்கொண்டதும் இருந்த சொல்லுக்குப் பொருள் குறுகிவிட்டது. சாதம் என்ற சொல்லின்மீது எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. அது நல்ல சொல்தான்.

பூமூஸ் 2024இல் ஒடிசாவுக்குப் போனார். அங்கே பயிற்சியாளர் லொபேரா. ஜாஹுவும் ஃபாலும் ஓராண்டு முன்பே போய்ச் சேர்ந்திருந்தார்கள். பழைய வாக்கியம் ஏறக்குறைய முழுதாக மீண்டும் கூடியது. அப்பருவத்தில் ஒடிசா பிளே ஆஃபுக்குத் தகுதி பெறவில்லை. சொன்னவர்களுக்கு வயதாகியிருந்தது, கேட்டவர்களும் வேறு. நான் இங்கே எழுதியது விதியாக யாருக்கும் பயன்படாது என்பதற்கு இதையும் குறித்துவைக்கிறேன்.

தம்பி மீண்டும் ஆடுகிறான். அந்த வெளியாளைத் தற்செயலாகச் சயான் நிலையத்தில் ஒருமுறை பார்த்ததாகவும் நன்றாகப் பேசியதாகவும் சொன்னான். நான் இன்னும் அவனிடம் அந்த இரண்டாம் ஒலிப்பதிவைப் போட்டுக்காட்டவில்லை. அதன் இறுதியில், பயிற்சி முடிந்து எல்லோரும் காலணியைக் கழற்றும் ஓசைகளுக்கு நடுவே, வெளியாள் தம்பியிடம் கேட்கிறார்: “ஏ, ஷுரூ மே தூ வுடு வுடு சில்லா ரஹா தா, வோ க்யா ஹை?” தொடக்கத்தில் ஏதோ வுடு வுடு என்று கத்தினாயே, அது என்ன? தண்ணீர்ப் புட்டியைத் திறக்கும் ஓசை. பிறகு தம்பியின் குரல், மிகவும் மரியாதையாக: “குச் நஹீ, பாய்.” ஒன்றுமில்லை, அண்ணா.